மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும் உயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது நன்னீர்த் தொட்டிகளுக்கு மட்டும். இரண்டடி முதல் நான்கடி வரை நீளமுள்ள கண்ணாடித் தொட்டி, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் அல்லது உள்ளேயே மூழ்கியிருக்கும் பவர் ஃபில்டர், போர் தண்ணீர் அல்லது மெட்ரோ வாட்டர், கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் சூடு. தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலான வீடுகளின் நிலைமை இதுதான். பதில்களும் அதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

சக்கர் மீன் ஒன்று போட்டால் தொட்டியைக் கழுவவே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

பாதிகூட உண்மை இல்லை. கண்ணாடியிலும் கல்லிலும் படியும் மென்மையான பாசியைக் குட்டிச் சக்கர் சுரண்டித் தின்னும். அந்த ஒரு வேலையைப் பார்த்துத்தான் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை தொடங்கி எல்லா ஊர்க் கடைகளிலும் அதை ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்கள். ஆனால் தின்றது எங்கே போகும்? சக்கர் இருக்கும் தொட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாகக் கிடக்கிறதே, அதுதான். கண்ணாடி பளிச்சென்று தெரியும். தண்ணீரில் கழிவு முன்பைவிடக் கூடியிருக்கும். வளர வளர அதற்குப் பாசியில் நாட்டம் குறைந்துவிடும். மற்ற மீன்களுக்குப் போடும் பெல்லெட்டைத் தேடி அடிக்கு ஓடும், ராத்திரியில் கல்லையெல்லாம் புரட்டிப் போடும்.

மீன் கழிவைத் தின்னும் மீன் எது?

அப்படி ஒரு மீன் இல்லை. வாயில் எடுத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதைப் பார்த்து ஏமாந்து போகிறோம்.

பிறகு தொட்டியை யார்தான் சுத்தம் செய்கிறார்கள்?

கண்ணுக்குத் தெரியாதவர்கள். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அது நஞ்சு. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். நைட்ரோஸ்பைரா இனத்தில் சில பாக்டீரியாக்கள் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகவே முடித்துவிடுகின்றன என்பது 2015-ல்தான் தெரியவந்தது.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய முதல் மாதத்தில் மீன்கள் வரிசையாகச் சாவதற்குக் கண்திருஷ்டியைவிட இதுவே காரணம்.

நம் ஊர்த் தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியா எவ்வளவு கொடியது என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்) சூடும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். அதே அளவு அம்மோனியா, பி.எச். 8 உள்ள போர் தண்ணீரில், 30 டிகிரி சூட்டில் இருந்தால் நச்சுப் பங்கு 7 சதவீதத்தைத் தாண்டும். ஊட்டியில் இருப்பவருக்கு ஒத்துவந்த மீன் எண்ணிக்கை சென்னையில் ஒத்துவராமல் போவது இதனால்தான்.

இந்த பாக்டீரியாக்களை நாமே கொல்லும் வழி ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கல்லைக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, சிலர் சோப்பு கூடப் போட்டு, புதுத் தண்ணீர் நிரப்புவது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஸ்பாஞ்சில் இருப்பவை அதிலேயே செத்துப்போகும். தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும், ஆக்சிஜன் குறையும், அந்த பாக்டீரியாக்களுக்கும் மூச்சு முட்டும். அடிக்கடி மின்தடை வரும் ஊரில் இன்னொரு சக்கர் வாங்கும் காசுக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கிக்கொள்ளலாம்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வாங்கலாமா?

சிலது வேலை செய்யும்; வெயிலில் வெந்த கடை ஷெல்ஃபில் மாதக்கணக்கில் நின்றது செய்யாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நோய் இல்லாத ஒரு தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு சேர்த்து வையுங்கள். காசும் இல்லை, பலனும் அதிகம்.

தொட்டியை உயிர்களே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் எப்படி வந்தது?

மீன்தொட்டி வளர்ப்பின் ஆரம்பத்திலேயே வந்தது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 12 காலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் 2 தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் வைத்து, தண்ணீரை மாற்றாமல் வளர்த்துப் பார்த்தார். செடி ஆக்சிஜன் கொடுத்தது. ஆனால் அதன் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது, நத்தை முட்டைகள் மீனுக்குத் தீனியாயின. இதை 1850-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

இன்று நாம் சக்கரிடம் எதிர்பார்ப்பது அவருடைய நத்தை செய்ததைத்தான். ஒரு வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம். அவர் பாத்திரத்தில் இருந்தவை இரண்டே மீன்கள். அதே கொள்ளளவுள்ள நம் இரண்டடித் தொட்டியில் எட்டு கோல்டு பிஷ், நான்கு ஏஞ்சல், இரண்டு சக்கர்.

சக்கர் எவ்வளவு பெரிதாகும்?

கடையில் இரண்டு அங்குலம். ஒழுங்காக வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். ஒன்றரை அடி வரை போனவையும் உண்டு. பத்து ஆண்டுக்கு மேல் வாழும். ‘தொட்டி அளவுக்குத்தான் வளரும்’ என்று சொல்வார்கள். இடம் இல்லாமல், கெட்ட தண்ணீரில் வளர்ச்சி குன்றிப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இரண்டடித் தொட்டிக்கு இந்த மீன் எந்த வயதிலும் பொருத்தம் இல்லை என்பது என் கருத்து.

பெரிதாகிவிட்டது. ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. இது தென்னமெரிக்க மீன். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். நம் நீர்நிலைகளில் வளர்ந்த சக்கரைத் தின்னத் துணியும் உயிர் மிகக் குறைவு. ஆக்சிஜன் இல்லாத சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பை வழியாகவே சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் ஏரிக்கரை, வாய்க்கால் கரை பலவீனமாகும். ஆந்திரா, தெலங்கானா, கேரளம், கிழக்கு கொல்கத்தா சதுப்புநிலம் என்று பல இடங்களில் இவை பெருகிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பிடிபட்டிருக்கின்றன. வலை வீசினால் விலைபோகாத சக்கராக வந்து, முள்ளில் வலையும் கிழிந்தால் அன்றைக்கு அந்த மீனவருக்கு என்ன மிஞ்சும்? அத்தனைக்கும் ஆரம்பம் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டிதான்.

வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் பணமில்லாமல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

சக்கர் வேண்டாம் என்றால் வேறு எந்த மீன்?

மூன்று மீன்களைச் சொல்வேன். மூன்றுக்கும் நிபந்தனை உண்டு.

முதலாவது பிரிசில்நோஸ். சக்கரின் உறவுதான், ஆனால் நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். ஆணுக்கு மூக்கில் மீசைபோல் கிளைகிளையாக முளைத்திருக்கும். பாசி தின்பதில் பெரிய சக்கரைவிடக் கெட்டிக்காரன், வயதானாலும் விடாது. இரண்டரை, மூன்றடித் தொட்டிக்கு ஒன்று போதும். உள்ளே ஒரு டிரிஃப்ட்வுட் கட்டை இருந்தால் அதையே சுரண்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கும். கழிவு இதற்கும் நிறைய, அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது ஓட்டோ. ஒன்றரை அங்குலம்தான். செடியின் இலையைக் கிழிக்காமல் அதன்மேல் படிந்த பாசியை மட்டும் எடுப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடித்து அனுப்பப்படுபவை; கடைக்கு வரும்போதே பட்டினியில் இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். உள்ளே ஒடுங்கியிருந்தால் வாங்காதீர்கள். புதுத் தொட்டியில் விட்டால் தின்னப் பாசி இல்லாமல் செத்துப்போகும். குறைந்தது ஐந்தாறாக, ஆறு மாதமாவது ஓடிய தொட்டியில் விட வேண்டும்.

மூன்றாவது சயாமிஸ் ஆல்ஜி ஈட்டர். துலக்கும் பிரஷ்ஷின் முடிபோல் கறுப்பாக வளரும் பாசியைத் தின்னும் அபூர்வமான மீன்களில் ஒன்று. ஐந்தாறு அங்குலம் வளரும், துறுதுறுவென்று ஓடும், மூன்றடிக்குக் குறைந்த தொட்டி ஆகாது. இதில்தான் ஏமாற்றம் அதிகம். அசல் மீனுக்குப் பக்கவாட்டில் ஓடும் கறுப்புக் கோடு வால்துடுப்பின் கடைசி வரை போகும். துடுப்புகள் நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். கறுப்புக் கோட்டுக்கு மேலே பொன்னிறக் கோடும், துடுப்பில் கறுப்பு வெள்ளை விளிம்பும் இருந்தால் அது பிளையிங் ஃபாக்ஸ். பாசியில் அவ்வளவு அக்கறை கிடையாது. வாய் உறிஞ்சுகுழல்போல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அது சைனீஸ் ஆல்ஜி ஈட்டர். மஞ்சள் நிறத்திலும் வரும், குட்டியில் அழகாக இருக்கும். பெரிதானதும் பாசியை விட்டுவிட்டு, தட்டையான உடம்புள்ள ஏஞ்சல், கோல்டு பிஷ் மேல் ஒட்டி அதன் வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிக்கும். மீனின் விலாவில் வட்டமாகச் சிவந்த புண் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கோல்டு பிஷ் தொட்டிக்கு எது?

எதுவும் வேண்டாம். கோல்டு பிஷ் போடும் கழிவுக்கு எந்த உயிரும் ஈடுகொடுக்காது. சின்ன நத்தையையும் இறாலையும் அதுவே தின்றுவிடும். பசித்த சக்கர் ராத்திரியில் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பெரிய ஃபில்டர், குறைந்த மீன், வாராவாரம் தண்ணீர் மாற்றம். வேறு வழி இல்லை.

பிளவர்ஹார்ன், ஆஸ்கர் போன்ற பெரிய மீன் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் பதில். கோரி மாதிரிச் சின்ன மீனைத் துணைக்கு விட்டால் விழுங்கப் பார்க்கும். கோரியின் துடுப்பு முள் விரிந்து தொண்டையில் சிக்கினால் இரண்டும் சாகும்.

கீழே விழும் மிச்சத் தீனியைத் தின்ன என்ன விடலாம்?

கோரி மீன்கள். ஆறு வாங்கினால்தான் கூட்டமாக அலையும். மீசையால் மண்ணைத் துழாவித் தீனி தேடும் என்பதால் கூர்மையான கல் ஆகாது, நைஸான மணல் வேண்டும். பாசி பக்கமே போகாது. ‘மிச்சம்’ மட்டும் தின்று உயிர்வாழும் என்று நினைக்காதீர்கள். அடியில் மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும். மிச்சம் விழும் அளவுக்கு ஏன் தீனி போடுகிறோம் என்று யோசித்தால் கோரியே தேவைப்படாமல் போகலாம்.

எந்தப் பாசிக்கு எந்த உயிர்?

புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் கண்ணாடியில் பழுப்பாகப் படிவது டயாட்டம். ஓட்டோ, நெரைட் நத்தை இரண்டும் விரும்பித் தின்னும். ஒன்றும் செய்யாவிட்டாலும் தானே குறையும். கண்ணாடியில் கறைபோல் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிகளை நெரைட்டைத் தவிர எதுவும் பெரிதாகத் தொடாது, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுவது இன்னும் வேகம். நூல் பாசிக்கு அமானோ இறால். கறுப்புப் பிரஷ் பாசிக்கு முன்னே சொன்ன சயாமிஸ்.

நீலப்பச்சையாகப் போர்வைபோல் மூடி, கையால் எடுத்தால் பாளமாக வந்து, மண் வாடை வீசுவது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதைத் தின்ன எதுவும் முன்வராது. உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று நாள் முழு இருட்டில் வைத்து, தண்ணீர் மாற்றிப் பாருங்கள்.

எந்தப் பாசியானாலும் காரணம் வெளிச்சமும் அளவுக்கு மிஞ்சிய தீனியும்தான். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு, ராத்திரி பன்னிரண்டு மணி வரை லைட்டும் எரியவிட்டால் பத்து சக்கராலும் முடியாது. ஒரு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் லைட் போதும்.

தண்ணீரே பச்சையாகிவிட்டது. இதைக் குடிக்கும் உயிர் உண்டா?

உண்டு, டாப்னியா. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும் சின்னஞ்சிறு உயிர். ஆனால் மீன் இருக்கும் தொட்டியில் விட்டால் அரை மணி நேரத்தில் அதுவே தீனியாகிவிடும். மீன் இல்லாத மொட்டைமாடித் தொட்டிக்கு அருமையான வழி. வீட்டுத் தொட்டிக்கு வெளிச்சத்தைக் குறைப்பதுதான் தீர்வு.

குளத்து மட்டி தண்ணீரை வடிகட்டும் என்கிறார்களே?

குளத்தில் வடிகட்டும். தொட்டியில் அதற்குத் தேவையான நுண்பாசி இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினியில் சாகும். மணலுக்குள் புதைந்தே இருப்பதால் செத்தது தெரியாது. ஒரு செத்த மட்டி ஒரே இரவில் சின்னத் தொட்டியின் எல்லா மீனையும் முடித்துவிடும். அதன் குஞ்சுகள் முதலில் மீனின் செவுளிலும் துடுப்பிலும் ஒட்டி வளர்பவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நத்தைகளில் எது நல்லது?

நெரைட் எனக்குப் பிடித்தது. வரிக்குதிரைபோல் கோடு போட்டிருக்கும். பாசி தின்பதில் நத்தைகளில் முதலிடம். இதன் குஞ்சு வளர உப்பு கலந்த கழிமுகத் தண்ணீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. குறை ஒன்று: கட்டையிலும் கண்ணாடியிலும் எள்போல் வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். பொரியாது, லேசில் போகவும் போகாது.

மணலுக்குள் புகுந்து வாழும் நீளக்கூம்பு நத்தையை டிரம்பெட் நத்தை என்பார்கள். நம் ஊர்க் குளங்களிலும் இருப்பதுதான். மணலைக் கிளறி, கீழே புதைந்த தீனியைத் தின்று, மணல் இறுகாமல் பார்த்துக்கொள்ளும். பெண் நத்தை துணையில்லாமலேயே குட்டி போடும். ஒன்று வந்தால் நூறு வந்த மாதிரி.

மஞ்சள், நீலம் என்று வண்ணத்தில் விற்கும் மிஸ்டரி நத்தை பார்க்க அழகு. பாசியைவிட அழுகிய இலையும் மிச்சத் தீனியும்தான் அதற்குப் பிடிக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் இளஞ்சிவப்புக் கொத்தாக முட்டையிடும். வேண்டாமென்றால் சுரண்டி எடுத்துவிடலாம். மூடி இல்லாவிட்டால் இரவில் வெளியேறி டிவி ஸ்டாண்டுக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.

நத்தைக்குச் சுண்ணச்சத்து வேண்டும். போர் தண்ணீர் கடினமானது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோமே, நத்தைக்கு அது வரம். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றினால் ஓடு அரித்துக் குழி விழும்.

வயல் வாய்க்காலில் நிறைய நத்தை கிடக்கிறது. எடுத்து விடலாமா?

வேண்டாம். வயலிலும் குட்டையிலும் இருக்கும் தட்டைச்சுருள் நத்தை, மாட்டுக்கு மூக்கில் வரும் குறட்டை நோய்ப் புழுவைச் சுமப்பது. அந்தப் புழுவின் குஞ்சு மனிதத் தோலிலும் நுழையப் பார்த்துச் சிரங்குபோல் அரிப்பு கொடுக்கும். வயலில் அடித்த மருந்தும் கூடவே வரும். பெரிய வயல் நத்தையோ செடியை விட்டுவைக்காது.

செடியோடு வந்த நத்தை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. என்ன செய்ய?

தீனியைக் குறையுங்கள். நத்தை பெருகுவது தீனி மிஞ்சுவதற்கு அடையாளம். அதைக் கணக்குப் பார்க்கும் கருவியாகவே வைத்துக்கொள்ளலாம். ராத்திரி லைட் அணைத்ததும் ஒரு வெள்ளரித் துண்டையோ கோஸ் இலையையோ உள்ளே போட்டு, காலையில் மொய்த்திருப்பதோடு எடுத்து வெளியே போடுங்கள். ஒரு வாரம் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

நத்தையைத் தின்னும் நத்தை ஒன்று இருக்கிறது, அசாசின் என்று மஞ்சள் கறுப்பு வளையத்தோடு விற்பார்கள். மெதுவாக வேலை செய்யும். உங்கள் நெரைட்டையும் சாப்பிடும். கேரள ஆறுகளைச் சேர்ந்த பட்டாணி பஃபர் மீனும் நத்தை தின்னும். ஒரு அங்குலம்தான் இருக்கும், ஆனால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். இயற்கையில் எண்ணிக்கை குறைந்துவரும் மீன் வேறு. நத்தைக்காக அதை வாங்காதீர்கள்.

இறால் நம் வெயிலைத் தாங்குமா?

செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 டிகிரி வரை சுகம். சித்திரை வெயிலில் தொட்டி 32-க்குப் போகும்போது குட்டி போடுவதை நிறுத்தும், ஒவ்வொன்றாகச் சாகும். தொட்டியைத் தரைத்தளத்தில் வெயில் படாத சுவரோரம் வைத்து, மூடியைத் திறந்து சின்ன ஃபேனைத் தண்ணீர்மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கோயம்புத்தூர், பெங்களூரு நண்பர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

அமானோ இறால் பெரிது, பசியும் பெரிது. ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ 1980-களில் செடித் தொட்டிகளில் பாசி தின்ன இதைப் பயன்படுத்திப் பிரபலமாக்கினார், பெயரும் அவருடையதே. குஞ்சுக்கு உப்புத்தண்ணீர் வேண்டும் என்பதால் வீட்டில் பெருகாது. ஏஞ்சல், பெரிய பார்ப், சிக்லிட் இருக்கும் தொட்டியில் எந்த இறாலும் விலையுயர்ந்த தீனிதான்.

செடி வைத்தால் பிரயோஜனம் உண்டா?

மேலே சொன்ன எல்லா மீனையும்விட. பாக்டீரியா கடைசியில் விட்டுவைக்கும் நைட்ரேட்டை எடுத்து இலையாக்குவது செடி மட்டுமே. சக்கரும் நத்தையும் ஒரு கழிவை இன்னொரு கழிவாக மாற்றுகின்றன. செடியை வெட்டி வெளியே போடும்போது கழிவு உண்மையாகவே தொட்டியை விட்டுப் போகிறது. ஹார்ன்வொர்ட்டும் ஹைட்ரில்லாவும் மண்ணில்லாமலே வளரும், வாரம் ஒருமுறை கத்தரிக்க வேண்டியிருக்கும்.

அதுவும் முடியாதவர்களுக்கு மணி பிளாண்ட். கொடியின் வேர் மட்டும் தண்ணீரிலும் இலை வெளியிலும் இருக்கும்படி தொட்டி ஓரத்தில் மாட்டிவிடுங்கள். காற்றிலிருந்தே கார்பன் எடுத்துக்கொள்வதால் தண்ணீருக்குள் இருக்கும் செடியைவிட வேகமாக வளர்ந்து நைட்ரேட்டை உறிஞ்சும். இரண்டு மாதத்தில் வேர் புதராக இறங்கும், மீன்குஞ்சுகள் அதில் ஒளிந்துகொள்ளும். இலை தண்ணீருக்குள் இருந்தால் அழுகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டடித் தொட்டிக்கு எத்தனை உயிர் விடலாம்?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் விளிம்பு வரை 56 லிட்டர். கல், இடைவெளி கழித்தால் 45 சொச்சம். பத்துப் பன்னிரண்டு கப்பி அல்லது டெட்ரா, மூன்று நெரைட், ஒரு மணி பிளாண்ட். குளிர்ச்சியான வீடானால் பத்து செர்ரி இறால். அவ்வளவுதான். சுத்தம் செய்பவர்களையும் மீன் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களும் சாப்பிடுகிறார்கள், கழிக்கிறார்கள்.

இவற்றுக்குத் தனியாகத் தீனி வேண்டுமா?

வேண்டும். தொட்டி சுத்தமாக ஆக இவற்றின் தட்டு காலியாகிறது. சுரைக்காய், வெள்ளரி, கீரைத்தண்டு இவற்றில் ஒன்றை உப்பில்லாமல் வெந்நீரில் முக்கி எடுத்து, ஃபோர்க்கில் குத்தி மூழ்கவிடுங்கள். சக்கர் வகைகள் இருட்டில்தான் சாப்பிடும்; இரவில் வைத்துக் காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

இவற்றுக்கு ஆகாத மருந்துகள் எவை?

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) முதலில். வெண்புள்ளி நோய்க்கும் பாசிக்கும் என்று விற்கும் பல மருந்துகளில் அந்தத் தாமிரம்தான் இருக்கிறது. மீன் தாங்கும் அளவே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். நோய்வந்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். எதற்கெடுத்தாலும் கல் உப்பு போடும் வழக்கத்தையும் கோரி, செடி இருக்கும் தொட்டியில் விட்டுவிடுங்கள். கொசுவிரட்டி லிக்விட், கரப்பான் ஸ்பிரே இரண்டும் இறாலுக்கு எமன். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாம் விட்டாயிற்று. இனி தண்ணீர் மாற்றுவதை நிறுத்தலாமா?

வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்ற வேண்டும். குழாய் போட்டு அடிக்கல்லிலிருந்து கழிவோடு உறிஞ்சி எடுங்கள்; மேலாக மோந்து ஊற்றுவதில் பயனில்லை. அந்தத் தண்ணீர் துளசிக்கும் ரோஜாவுக்கும் நல்ல உரம். புதுத் தண்ணீர் மெட்ரோ வாட்டரானால் ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ, ஒரு நாள் திறந்த வாளியில் காற்று ஓடவிட்டு வைத்தோ ஊற்றுங்கள். வெயிலில் காய்ந்த ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரை மத்தியானம் நேராக ஊற்ற வேண்டாம். காலையில் பிடித்ததே போதும். செடி அடர்ந்து, மீன் நாலைந்து மட்டும் இருக்கும் தொட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் ஓடும். நைட்ரேட் சோதனை சொட்டு வாங்கிப் பாருங்கள். லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் மாற்றும் நாள் வந்துவிட்டது.